பின்னால் நிற்கிற பிள்ளைக்கும் நேரம் கொடுங்கள்

மட்டக்களப்பில் பதினாறு வயதுக்குட்பட்டவர்களின் உதைபந்தாட்டம் நடக்கிற எந்த மைதானத்துக்கும் ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள். முன்னுக்கு நிற்கிற பொடியன் கோல் வாசலில் வைத்து மூன்று தரம் வெளியே அடித்தாலும், "பரவாயில்ல மனே, அடுத்தது போகும்" என்று எல்லாரும் கை தட்டுவார்கள். பின்னுக்கு நிற்கிறவன் ஒரே ஒரு பந்தைத் தவறவிட்டு அது கோலாகிவிட்டால், அவன் தன் இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் இன்னொரு பொடியன் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று சேர்ட்டைக் களிசானுக்குள் விட்டுக்கொண்டிருப்பான். பல காலமாக என் மனதை அரிக்கிற விஷயம் இது. எங்கள் பயிற்றுவிப்பாளர்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கல்லடிப் பக்கம். பகலில் ஹாட்வெயார் கடையில் வேலை, பின்னேரத்தில் எங்கள் கழகத்துப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். விளையாடிய காலத்தில் நான் இடது பெக், அதாவது பின்வரிசையில் இடது பக்கம் நிற்கிறவன். பின்வரிசைப் பிள்ளைகள் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதலான கரிசனை இருப்பது உண்மைதான்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே பந்து எப்படிப் போகும் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். மைதானம் காய்ந்து இறுகிப்போய், புல் இருந்த இடமெல்லாம் மண் தெரியும். உயரத்திலிருந்து வருகிற பந்து ஒரு தரம் குத்தினால் தலைக்கு மேலே எழும்பும். எழும்பின பந்தைக் காற்று வேறு பக்கத்துக்குத் தள்ளும். இப்படி ஒரு நாளில் நடந்த சிநேகபூர்வ ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு அணியின் ஸ்டொப்பர், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கிறவன், பதினைந்து வயதுப் பொடியன், நல்ல உயரம். எதிரணிக் கோல் கீப்பர் நெடுக அடித்த பந்து அவனை நோக்கி வந்தது. அவன் ஒரு அடி பின்னுக்கு வைத்தான், பிறகு முன்னுக்கு வந்தான், பிறகு நின்றுவிட்டான். பந்து அவனுக்கு முன்னால் குத்தி, அவன் தலைக்கு மேலால் போனது. எதிரணி முன்கள வீரன் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் கோல் அடித்தான்.

பயிற்றுவிப்பாளர் மாற்று வீரர்கள் இருக்கிற வாங்கைக் காட்டிக் கையசைத்தார். ஒரு சொல் பேசவில்லை. பொடியன் வந்து வாங்கின் நுனியில் இருந்து சப்பாத்து நூலை அவிழ்த்தான். திரும்பக் கட்டினான். திரும்பவும் அவிழ்த்தான். ஆட்டம் முடியும்வரை யாரும் அவனுக்குப் பக்கத்தில் போகவில்லை.

அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: அந்தப் பந்தைக் குத்துவதற்கு முதலே போய் எடு. போக முடியாது என்று பட்டால் யோசிக்காமல் மூன்று நான்கு அடி பின்னுக்குப் போ. இரண்டுக்கும் நடுவில் நிற்காதே. அதைச் சொல்லிவிட்டு அவனை அங்கேயே விட்டிருந்தால், அதே மாதிரிப் பந்து அன்றைக்கே இன்னும் பல தரம் அவனிடம் வந்திருக்கும். காற்று அப்படி. அதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

அவனுக்குப் பதிலாக வந்த பொடியன் அன்று கற்றுக்கொண்டது வேறு. பந்து காலுக்கு வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்தான். சுற்றி நின்ற பெரியவர்களும் "அடிச்சு வெளியால போடுடா!" என்று கத்தினார்கள். அடித்த பந்தெல்லாம் எதிரணிக்காரன் காலுக்குப் போய் உடனே திரும்பி வந்தது. பிழை விட்டால் வாங்கு என்று தெரிந்த பிள்ளை பந்தைத் தன்னிடம் வைத்திருக்கவே பயப்படுவான். பத்துப் பேர் பார்க்கப் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுக்கிற துணிவு பதினைந்து வயதில் வராவிட்டால் பிறகு வருவது மிகக் கடினம்.

யார் எந்த இடத்தில் ஆடுவது என்ற முடிவிலும் இதே அவசரம்தான். பதின்மூன்று பதினான்கு வயதில் யார் உயரமோ அவனை ஸ்டொப்பர் ஆக்கிவிடுகிறோம். கட்டையானவன் ஓரத்துக்குப் போகிறான், அல்லது வாங்குக்கு. வயதுப் பிரிவை வருடக் கணக்கில் பார்ப்பதால், தை மாதம் பிறந்தவனும் மார்கழி மாதம் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது ஒரு சாண் உயரமாகவும் ஒரு பங்கு பலமாகவும் தெரியும். உலகம் முழுக்கச் சிறுவர் அணிகளில் வருட ஆரம்பத்தில் பிறந்தவர்களே கூடுதலாகத் தெரிவாகிறார்கள் என்பது விளையாட்டு ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. நாங்கள் திறமை என்று நினைத்துத் தெரிவு செய்வதில் பாதி பிறந்த மாதம்தான்.

அப்புறம் என்ன நடக்கிறது? உயரமானவனுக்குத் தலையால் அடிப்பதையும் காலால் வெட்டி எறிவதையும் மட்டும் பழக்குகிறோம். பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்து அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவனிடம் பந்துத் திறமையும் இல்லை, வேகமும் இல்லை. சின்னவனாக இருந்து விரட்டப்பட்டவனோ அதற்கு முதலே மைதானத்துக்கு வருவதை நிறுத்தியிருப்பான். இரண்டு பிள்ளைகளையும் இழந்துவிடுகிறோம்.

2006 இல் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவர் கன்னவாரோ. நடுப் பின்வரிசையில் ஆடியவர், உயரம் 1.76 மீற்றர்தான். அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் என்கிற தங்கப் பந்து விருதும் அவருக்குத்தான் போனது. 2014 இல் அதே கிண்ணத்தை வென்ற ஜேர்மனியின் அணித்தலைவர் பிலிப் லாம் 1.70 மீற்றர். அவருடைய கழகமான பயேர்ன் மூனிச் அவருக்குத் தன் அணியில் உடனே இடம் இல்லை என்று கண்டு, 2003 இல் இரண்டு பருவங்களுக்கு ஸ்டுட்கார்ட்டுக்கு இரவலாக அனுப்பியது. வலது கால்காரரான அவரை அங்கே இடது பெக்காக ஆடவைத்தார்கள். வாங்கில் இருந்து பழகுவதைவிட வேறு சேர்ட்டில் ஆடிப் பழகுவது நல்லது என்று ஒரு பெரிய கழகம் எடுத்த முடிவு அது. திரும்பி வந்தவர் பயேர்னுக்குப் பல வருடம் ஆடினார். எங்கள் பொடியன்களுக்கு இதையெல்லாம் சொல்லும்போது டக்சன் பியூஸ்லஸ் பற்றியும் சொல்வேன். மன்னார்ப் பிள்ளை, இலங்கை அணியின் பின்வரிசையில் ஆடியவர், 2022 இல் மாலைதீவில் காலமானார். தமிழ்ப் பிள்ளை ஒருவன் பின்வரிசையில் நின்றே தேசிய சேர்ட்டைப் போட முடியும் என்பது அவர்கள் காதில் விழ வேண்டும்.

தொலைக்காட்சியில் பார்ப்பதை அப்படியே இங்கே செய்கிறவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில், இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு ஆர்ன ஸ்லொட் பயிற்றுவித்த முதல் லீக் ஆட்டம் இப்ஸ்விச்சில் நடந்தது. இடைவேளை வரை கோல் இல்லை. இடைவேளையில் நடுப் பின்வரிசையில் நின்ற ஜரெல் குவான்சாவை எடுத்துவிட்டு கொனாத்தேயை இறக்கினார். லிவர்பூல் 2-0 என்று வென்றது. குவான்சாவுக்கு அதன் பிறகு அந்தப் பருவத்தில் பெரிதாக இடம் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் ஜேர்மனியின் லெவர்குசன் கழகத்துக்குப் போய்விட்டார். அந்த முடிவு சரியா பிழையா என்பது வேறு கதை. குவான்சாவுக்கு அப்போது 21 வயது, அது அவருடைய தொழில், அடுத்த நாளே அவரோடு உட்கார்ந்து பேசப் பயிற்றுவிப்பாளர் கூட்டமே அங்கு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நாங்கள் அதே வைத்தியத்தைச் செய்யும்போது, பேசுவதற்கு யாரும் இருப்பதில்லை.

பிள்ளையை வாங்கில் இருத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இத்தாலியின் பெயர்பெற்ற பின்வரிசை வீரர் மால்டினி 1985 ஜனவரியில், 16 வயதில், உடினேசி அணிக்கு எதிராக இடைவேளைக்குப் பிறகு முதல் தடவையாக மிலான் அணிக்கு இறங்கினார். அந்தப் பருவத்தில் லீக்கில் அவர் ஆடியது அந்த ஒரு ஆட்டம் மட்டும். அடுத்த பருவத்தில் பயிற்றுவிப்பாளர் லீட்ஹோம் அவரை ஒழுங்காக ஆடவைக்கத் தொடங்கினார். முதலில் காட்டிவிட்டு, பொறுத்திருக்க வைத்து, பிறகு முழுதாகக் கொடுத்தார். காத்திருப்பதில் பிழை இல்லை. ஏன் காத்திருக்கிறான், எதைப் பழகினால் உள்ளே வருவான் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கழகத்தில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பதினான்கு வயது வரை எல்லாரும் எல்லா இடத்திலும் நிற்பார்கள். கோல் அடிக்கிறவனும் ஒரு கிழமை பெக் நிற்பான். பதினைந்துக்குப் பிறகு ஒரு இடம் கொடுத்தால் அந்தப் பருவம் முழுக்க அது அவன் இடம். நடுவில் நிற்கிற இரண்டு பேரை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. பின்வரிசை என்பது கரைவலை இழுக்கிற மாதிரி, எல்லாரும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். யார் எப்போது ஒரு அடி முன்னுக்கு வைப்பான் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பார்க்காமலே தெரிய வேண்டும். சிநேகபூர்வ ஆட்டங்களில் பெரும்பாலும் கோட்டோரம் கொடி பிடிக்கிற லைன்ஸ்மன் இல்லாததால், எதிரணிக்காரன் ஓஃப்சைட்டில் மாட்டுகிற மாதிரிப் பின்வரிசை ஒரே கோட்டில் முன்னேறுவதைப் பழக்குவது வீண் வேலை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மத்தியஸ்தர் விசில் ஊதாவிட்டாலும் சேர்ந்து அசைகிற பழக்கம் உடம்பில் ஏறும். லைன்ஸ்மன் இருக்கிற ஆட்டத்துக்கு ஒரு நாள் போகத்தானே போகிறார்கள்.

பிழை விட்டுக் கோல் விழுந்தால் அந்தப் பிள்ளையை உடனே எடுப்பதில்லை, குறைந்தது பத்து நிமிடம் ஆடவிடுவோம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவன் யார் என்று தெரியும். சிலர் இரண்டு பந்துக்குள் நிமிர்ந்துவிடுவார்கள். சிலருக்கு முகம் கறுத்து, கால் ஓடாது. அப்படியானவனை வெளியே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லித் திரும்ப அனுப்புவோம். சிறுவர் உதைபந்தாட்டத்தில், நாட்டுச் சம்மேளனம் இணங்கினால், வெளியே எடுத்தவரை மீண்டும் இறக்கலாம் என்று ஆட்டச் சட்டப் புத்தகமே சொல்கிறது. சிநேகபூர்வ ஆட்டம் என்றால் இரண்டு பயிற்றுவிப்பாளர்களும் முதலே பேசி வைத்துக்கொண்டால் போதும். இந்த வாய்ப்பை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு அம்மா பயிற்சி முடிகிற நேரம் வந்து, "சேர், இவன் மூணு கிழமையா வாங்கிலதான் இருக்கான், ஏன் எண்டு கேட்டா சொல்றான் இல்ல" என்றார். அவருடைய மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு நோவு. வேகமாக வளர்கிற வயதில், ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு வருகிற நோவுதான். நோவு இருந்தால் இன்னும் கொஞ்ச நாளுக்கு இடம் கிடைக்காது என்று பயந்து வீட்டில் மறைத்துவிட்டான். "நோவு போனதும் வலது பெக் இடம் உனக்குத்தான்" என்று அம்மாவுக்கு முன்னால் வைத்தே அவனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நொண்டிக்கொண்டு ஓடுவதை நிறுத்திவிட்டு, பந்து பொறுக்கிக் கொடுத்தான், எதிரணியில் ஓரத்தால் ஓடுகிற விங்கர் எந்தக் காலால் வெட்டுகிறான் என்று பார்த்து வந்து எனக்குச் சொன்னான். இடம் தனக்கு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை வாங்கில் இருந்தும் படிப்பான்.

இவர்களுக்கு எங்களிடம் இருக்கிற காலம் மிகக் குறைவு. சாதாரண தரப் பரீட்சை கிட்ட வந்தால் பின்னேரம் முழுக்க டியூசன். அது முடிந்தால் சிலர் உயர்தரத்துக்குப் போவார்கள், சிலர் வேலைக்கு, சிலர் கட்டாருக்கு. பதினைந்து வயதில் ஒரு பருவத்தை வாங்கில் கழித்தவனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. அந்த வயதில் ஒரு கிண்ணத்தை வென்று கழக அலுமாரியில் வைப்பதைவிட, நான்கு பெக்குகள் பந்தோடு பயமில்லாமல் நிற்கப் பழகியதை நான் பெரிதாக நினைப்பேன். கழகக் கூட்டத்தில் இதைச் சொன்னால் எல்லாருக்கும் பிடிக்காது. சரி, பரவாயில்லை.

மாரி மழை தொடங்கி மைதானத்தில் தண்ணீர் நிற்பதற்கு முன்னால், பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில சிநேகபூர்வ ஆட்டங்கள் வைக்கப் போகிறோம். கிண்ணம் இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை. வந்த பிள்ளைகள் எல்லாரும் குறைந்தது ஒரு பாதி ஆட வேண்டும், வெளியே எடுத்தவரை மீண்டும் இறக்கலாம், பிழை விட்ட பெக்கைப் பத்து நிமிடத்துக்கு எடுக்கக் கூடாது. ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கம் இருந்தோ, கல்முனையில் இருந்தோ, இந்த ஒழுங்குக்குச் சம்மதிக்கிற எந்தக் கழகமும் வரலாம். பார்க்க வருகிற பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெக் நிற்கிற பிள்ளை பந்தை நிறுத்தித் தலையைத் தூக்கும்போது கோட்டுக்கு வெளியில் இருந்து கத்தாதீர்கள். அவன் யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.