கோபியிலிருந்து மிச்சிகனுக்கு ஒரு ஓட்டு

ஜூலை 22, 2024

நேற்று ராத்திரி 11 மணிக்கு மேல் இருக்கும், போன் விடாமல் அதிர்ந்தது. மிச்சிகன் தோழிகள் எல்லோரும் ஒரே செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலிருந்து பைடன் விலகிவிட்டார், துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸைக் கைகாட்டிவிட்டார்.

ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் டிரம்போடு அவர் தடுமாறிய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது வந்தே தீரும் என்று தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய ஜனநாயகக் கட்சியின் பெரியவர்கள் மூன்று வாரமாக, அன்றைக்கு அவருக்குச் சளி, மற்றபடி ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வயதான அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவள் நான். உடம்புக்கு முடியாமல் போவது ஒரு குற்றமா? அதை ஓட்டுப் போடுகிற ஜனங்களிடம் மறைத்ததுதான் தப்பு.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் மிச்சிகன் மாநிலத்துக் கேன்டனில் இருந்தேன், கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. போன டிசம்பரில் அப்பாவுக்காக ஊருக்கு வந்துவிட்டேன். குடியுரிமை அமெரிக்காவுடையது, அதனால் இங்கே எனக்கு ஓட்டு இல்லை. ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 85 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள். அப்பா அட்டைத் தடுப்புக்குள் குனிந்து குறி போட்டார், நான் வாசலில் நின்றேன். அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டத்தால், வெளிநாட்டில் வசிக்கும் குடிமக்கள் கடைசியாக எங்கே குடியிருந்தார்களோ அந்த ஊர்க் கணக்கில் ஓட்டுப் போடலாம். என் ஓட்டு இன்னும் கேன்டனில்தான் இருக்கிறது.

பைடன் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. 2023 செப்டம்பரில் கார்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, எங்கள் டவுன்ஷிப்பை, அதாவது உள்ளாட்சியை, ஒட்டிய வான் பியூரனுக்கு வந்து மறியல் வரிசையில் நின்றார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் அப்படி நின்றது அதுதான் முதல்முறை. வெய்ன் ஃபோர்டு ஆலை வாசலில் ராத்திரி ஷிப்டு மறியலுக்கு நான் காபி கொண்டுபோவேன். தகர டிரம்மில் விறகைப் போட்டு எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருப்பார்கள். கடைசியில் நாலரை வருஷத்துக்கு 25 சதவீதக் கூலி உயர்வு வாங்கினார்கள். அந்த பைடனுக்குத்தான் இந்த பிப்ரவரி 27 அன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்றில் நான் ஓட்டுப் போடவில்லை. 'அன்கமிட்டட்', அதாவது யாரையும் ஏற்கவில்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். காரணம் காஸா போரில் இஸ்ரேலுக்கு அவர் கொடுத்த ஆதரவு. மிச்சிகனில் 1,00,000 பேருக்கு மேல் அதே கட்டத்தில் குறி போட்டார்கள்.

ஆகஸ்ட் 7

பக்கத்துத் தோட்டத்து அக்கா பால் ஊற்ற வந்தவர் கேட்டார். "ஏனம்மணி, நம்ம புள்ள ஜெயிச்சுருமா? டிவியில துளசேந்திரபுரத்துக் கோயிலைக் காட்டுனாங்க."

கமலாவின் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் அது, திருவாரூர் மாவட்டம். ஆசையாகக் கேட்கிறவரிடம் எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. ஆனால் இங்கே எழுதத்தான் வேண்டும். "நம்மாளு" என்று ஓட்டுக் கேட்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் பக்கத்தில் பார்த்தே வளர்ந்தவள் நான். ஷியாமளா கோபாலனின் மகள் கமலா அந்த இடத்தில் நிற்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்காக ஓட்டைக் கொடுத்துவிட முடியாது. வந்து என்ன செய்வார் என்பதைத்தான் நான் கேட்பேன்.

அந்த வகையில் நேற்றைய செய்தி நன்றாக இருக்கிறது. துணை ஜனாதிபதி வேட்பாளர் டிம் வால்ஸ், மின்னசோட்டா கவர்னர், முன்னாள் பள்ளி ஆசிரியர். 2023இல் அந்த மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலையும் மதியமும் இலவசச் சாப்பாடு என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டு வருமானம் என்ன என்று எந்தப் பிள்ளையையும் கேட்பதில்லை. எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் காலை 8 மணிக்கு உப்புமா வாசம் வருகிறது. பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இதை இங்கே யாரும் தீவிர இடதுசாரித்தனம் என்று சொல்வதில்லை. அங்கே வால்ஸை அப்படித்தான் சொல்கிறார்கள். கட்சி அவரைப் பயப்படாமல் பேசவிட வேண்டும்.

ஆகஸ்ட் 23

சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு முடிந்தது. மனசு ஆறவே இல்லை.

'அன்கமிட்டட்' கட்டத்துக்கு விழுந்த ஓட்டில் மாநாட்டுக்குப் போன பிரதிநிதிகள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு பாலஸ்தீன அமெரிக்கர் மேடையில் சில நிமிஷம் பேச வேண்டும், அவ்வளவுதான். ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினர் ரூவா ரொம்மானின் பெயரையும் கொடுத்தார்கள். அவர் கமலாவுக்கு ஆதரவாகவே பேசத் தயாராக இருந்தவர். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிரதிநிதிகள் அரங்கத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ராத்திரியைக் கழித்தார்கள். ஹமாஸ் பிடித்துவைத்திருக்கும் இளைஞன் ஒருவனின் பெற்றோர் புதன்கிழமை மேடையில் பேசினார்கள். அவர்கள் பேசியது சரி, கேட்டு நானும் அழுதேன். அதே மேடையில் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கும் நேரம் இருந்தது. காஸாவில் செத்தவர்கள் 40,000 பேரைத் தாண்டிவிட்டதாக இந்த மாதம்தான் அங்குள்ள சுகாதாரத்துறை சொன்னது. அந்த ஜனங்களில் ஒருவர் பேச மட்டும் நேரம் இல்லையாம்.

கேன்டன் தோழி ஒருத்தி போனில் கடிந்துகொண்டாள். "இப்ப வாயைத் திறக்காதே. நவம்பர் 5 முடியட்டும், அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். டிரம்ப் வந்துட்டா எல்லாமே போச்சு." அவள் பயம் நியாயமானது, எனக்கும் அதே பயம் உண்டு. ஆனால் அவள் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியாது. விலை படியாத வருஷம் அப்பா மஞ்சள் மூட்டைகளை அறையில் அடுக்கிவைத்துக் காத்திருப்பார். விற்றுப் பணம் வாங்கிய மறுநாள் மண்டிக்குப் போய், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஓட்டும் அப்படித்தான். தேர்தலுக்கு முன்னால்தான் என் வார்த்தைக்கு விலை உண்டு. சரியாக அந்த நேரத்தில்தான் பேசாதே என்கிறார்கள். 2016இலும் இதையே சொன்னார்கள், 2020இலும் சொன்னார்கள்.

அதனால் நான் பேசுவேன். பேசிக்கொண்டே கமலாவுக்கு ஓட்டும் போடுவேன். இரண்டுக்கும் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. டிரம்ப் வந்தால் காஸாவுக்கு நல்லது நடக்கப்போவதில்லை, அகதிகளுக்கும் இல்லை, கருவுற்ற பெண்களுக்கும் இல்லை. இது இழுபறி மாநிலமான மிச்சிகனின் ஓட்டு. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான கலிஃபோர்னியாவில் என் பெயர் பதிவாகியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

செப்டம்பர் 26

ஓட்டுச்சீட்டு வந்துவிட்டது. தேர்தலுக்கு 45 நாள் முன்பே வெளிநாட்டு வாக்காளர்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஆனால் மிச்சிகனுக்குத் திருப்பி அனுப்புவது தபாலில்தான். வெற்றுச்சீட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சைங்களா அக்கா?" என்றான்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னக் கட்டம். மேலேயே ஒரு கட்சிக்கு மொத்தமாகக் குறி போட்டுவிடும் வசதியும் உண்டு. அதை நான் தொடவில்லை. ஜனாதிபதி, செனட்டுக்கு எலிஸா ஸ்லாட்கின், அப்புறம் கீழே வரிசையாக எல்லாப் பதவிகளும். கறுப்பு மையில் ஒவ்வொன்றாக நிரப்பி, சான்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு, உறைக்குள் உறையாக வைத்து ஒட்டி, தபால் ஆபீஸில் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்டில் போட்டேன். இப்படி அச்செடுத்த தாளை எண்ணும் இயந்திரம் படிக்காது. அங்கே இரண்டு கட்சியிலிருந்தும் ஒருவர் உட்கார்ந்து, அதைப் பார்த்து அசல் சீட்டில் எடுத்தெழுதுவார்கள். இவ்வளவு பாடுபட்டு ஒரு ஓட்டை எண்ணுகிற நாடு, மொத்த ஓட்டில் ஜெயித்தவரையே சில சமயம் தோற்றவராக அறிவிக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

அப்பாவிடம் அதைச் சொன்னேன். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சம் ஓட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கியும் தோற்றார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள், மொத்தம் 538 பேர்; அதில் 270 வந்தால் ஜெயிப்பு. கிட்டத்தட்ட எல்லா மாநிலத்திலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. மெயின், நெப்ராஸ்கா இரண்டும்தான் விலக்கு. அந்த வருஷம் மிச்சிகன் டிரம்புக்குப் போனது 10,704 ஓட்டில்.

"அப்ப மத்த ஊர்க்காரன் ஓட்டெல்லாம் எதுக்கு கண்ணு?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கட்சியின் கோட்டையாக இருக்கும் மாநிலத்துக்காரர்களின் ஓட்டை யாரும் தேடி வருவதில்லை. ஏழு மாநிலங்களில்தான் பணமும் பேச்சும் வந்து கொட்டுகிறது. அங்கேயும் முற்போக்காளர்களை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. வேறு எங்கே போய்விடுவார்கள் என்ற தைரியம். மெயினிலும் அலாஸ்காவிலும் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடலாம். மனசுக்குப் பிடித்தவருக்கு முதலிடம், டிரம்பைத் தடுக்கக் கமலாவுக்கு இரண்டாமிடம் என்று போட்டால் யாருடைய ஓட்டும் வீணாகாது. மிச்சிகனிலும் அது வர வேண்டும்.

அக்டோபர் 22

நேற்று ராயல் ஓக்கில் கமலாவும் லிஸ் செனியும் ஒரே மேடையில். லிஸ் குடியரசுக் கட்சிக்காரர், ஈராக் போரைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செனியின் மகள். அதே மிச்சிகனில்தான் டியர்பார்னும் இருக்கிறது. ஈராக்கிலிருந்தும் லெபனானிலிருந்தும் உயிர் பிழைத்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. அந்த வீடுகளில் இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று பிரசாரக் குழுவில் ஒருவர்கூட யோசிக்கவில்லையா?

திருப்பூரிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். பனியன் ஏற்றுமதி. "சித்தி, டிரம்ப் வந்தா சைனாவுக்கு 60 பர்சென்ட் வரி போடுவாராம். ஆர்டரெல்லாம் நமக்குத் திரும்பும்னு பேசிக்கறாங்க" என்றான். எல்லா நாட்டுக்கும் 10, 20 சதவீதம் என்றும் அவர் சொல்கிறாரே என்றேன். அந்த வரியை முதலில் கட்டுவது இறக்குமதி செய்கிற பையர். அவர் அதை உன் விலையில் கழிப்பார், நீ டெய்லரின் பீஸ் ரேட்டில் கழிப்பாய். அவன் பேசாமல் இருந்தான். யார் வந்தால் நமக்கு லாபம் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது, அவனுக்குக் கட்ட வேண்டிய கடன் இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கூலி அந்தக் கணக்கில் எங்கேயாவது வர வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

நவம்பர் 6

சாயங்காலம் 4 மணி சுமாருக்கு விஸ்கான்சினை அறிவித்தார்கள். டிரம்ப் 270ஐத் தாண்டிவிட்டார். மிச்சிகன் கணக்கு இன்னும் முடியவில்லை, ஆனால் போக்கு தெரிகிறது. இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

நவம்பர் 28

மூன்று வாரமாகப் பழி யார் தலையில் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தலைதான் கிடைத்தது. காஸாவைப் பற்றிப் பேசியவர்களால்தான் டிரம்ப் வந்தார் என்று எனக்கே எழுதினார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மிச்சிகனில் வித்தியாசம் சுமார் 80,000. மூன்றாவது கட்சி ஜில் ஸ்டைனுக்கு விழுந்தது சுமார் 44,000. அத்தனையையும் கமலாவுக்குக் கூட்டினாலும் பற்றாது. அரபு அமெரிக்கர்கள் நிறைந்த டியர்பார்னில் டிரம்ப் 42, கமலா 36, ஸ்டைன் 18 சதவீதம். கோபம் உண்மைதான், அது வராமல் பார்த்துக்கொள்ள ஆகஸ்டிலேயே வாய்ப்பு இருந்தது. அதை விடவும் பெரிய விஷயம், 2020இல் பைடன் வாங்கியதைவிட நாடு முழுவதும் கமலாவுக்கு 60 லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அத்தனை பேரையும் காஸா பேசியவர்களா தடுத்தார்கள்? அரிசியும் முட்டையும் வாடகையும் ஏறித் தவிக்கும் குடும்பங்களிடம், பொருளாதாரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னவர்கள் யார்? உழைக்கும் ஜனங்களைக் கட்சி கைவிட்டது, இப்போது அவர்கள் கட்சியைக் கைவிட்டார்கள் என்று செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் தேர்தலுக்கு மறுநாளே சொன்னார். 2016 முதற்சுற்றில் மிச்சிகனை ஜெயித்துக் காட்டியவர் அவர்.

இதையும் பாருங்கள். மிசௌரி மாநிலம் டிரம்புக்குப் பெரிய வெற்றியைக் கொடுத்தது. அதே நாளில், அதே ஜனங்கள், மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். மத்தியச் சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி 2009லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. கொள்கை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கொள்கையை இந்தக் கட்சி உண்மையாகச் செய்யும் என்று நம்பவில்லை, அதுதான் கோளாறு. இதைப் பார்த்த பிறகும் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர வேண்டும் என்று யோசனை சொல்கிறவர்கள் எந்த ஓட்டை எண்ணினார்கள் என்று தெரியவில்லை.

ஸ்லாட்கின் 20,000க்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பிவிட்டார். அந்த ஓட்டில் கோபி தபால் ஆபீஸிலிருந்து போனதும் ஒன்று.

வெளிநாட்டு வாக்காளர் விண்ணப்பத்தை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், ஜனவரியில் டவுன்ஷிப் கிளார்க்குக்கு அனுப்பிவிடுவேன். 2026 ஆகஸ்டில் மிச்சிகனில் முதற்சுற்று, கவர்னர் பதவியும் செனட் இடம் ஒன்றும் வருகின்றன. நிற்கிறவர்கள் எல்லோருக்கும் முதற்சுற்றுக்கு முன்னாலேயே மூன்று கேள்வி எழுதி அனுப்பப்போகிறேன். இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதில் என்ன நிலை, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டா. வரும் பதில்களை வந்தபடியே இங்கே போடுகிறேன். மிச்சிகனில் ஓட்டு உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், அதே கேள்விகளை உங்கள் பெயரிலும் அனுப்புங்கள்.