ஸ்பேசர் போட்டா எவ்ளோ ஏறும்ணா?

தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவனிடம் பையன்கள் கேட்கிற கேள்விகளில் பாதி 'எவ்ளோ ஏறும்' என்றுதான் முடியும். சைலன்சர் மாற்றினால் எவ்வளவு ஏறும், ஏர் ஃபில்டரைக் கழற்றினால் எவ்வளவு ஏறும் என்ற வரிசையில் ஸ்பேசரும் வந்து சேர்ந்துகொண்டது. நேர்கோட்டில் பாயும் அமெரிக்க டிராக் ரேஸ் கார் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, காற்றில் பெட்ரோலைக் கலக்கிற கார்ப்ரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற அந்தக் கட்டையைத் யமஹாவின் டூ ஸ்ட்ரோக் பைக்கான தங்கள் ஆர்எக்ஸ் 100க்கும் கடைந்து தரச் சொல்வார்கள். எண்ணூர் ரோட்டில் ராத்திரி ரேஸ் ஓட்டத்தான் என்று தெரிந்தால் நான் கையே வைப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் ஓட்டுகிறவனாக இருந்தால் உட்காரவைத்துப் பேசுவேன்.

அந்த வீடியோவில் இருப்பது எட்டு சிலிண்டர் இன்ஜின். மேலே ஹாலி கம்பெனியுடையது மாதிரி நாலு வாய் கார்ப்ரேட்டர். கலவை நேராகக் கீழே இறங்கி, மேனிஃபோல்டு என்கிற குழாய்த் தொகுதியின் நடுவில் பிளீனம் என்கிற அறையில் விழுந்து, சட்டென்று திரும்பி எட்டுக் குழாய்களில் பிரிய வேண்டும். ஓர் இன்ச்சோ இரண்டு இன்ச்சோ ஸ்பேசர் வைத்தால் கார்ப்ரேட்டர் உயர்ந்து, கலவை திரும்ப இடம் கிடைக்கிறது. உள்ளே தடுப்பே இல்லாத ஓப்பன் ஸ்பேசர் என்றால் அறையும் பெரிதாகும். பொதுவாக அது மேல் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அதிகச் சுற்று சுற்றும்போது, உதவும். ஆனால் கார்ப்ரேட்டருக்குக் கிடைக்கிற உறிஞ்சல் மழுங்கி, பெட்ரோல் குறைந்து வரும். அதனால் பெட்ரோலை அளந்து விடுகிற துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். நாலு ஓட்டை ஸ்பேசர் ஒவ்வொரு வாயின் காற்றையும் தனித்தனியாக, வேகம் குறையாமல் இறக்கும். அதில் மிதித்ததும் பிக்-அப் வரும், நடு ஆர்பிஎம்மில் இழுக்கும். இரண்டுக்கும் உயரம் ஒன்றுதான், குணம் வேறு. அதிலும் ஒரு மேனிஃபோல்டுக்குப் பொருந்தியது இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதால், விவரம் தெரிந்தவர்கள் சக்தியை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றி மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

ஆர்எக்ஸில் இந்தக் கதையே கிடையாது. ஒரு சிலிண்டர், ஒரு கார்ப்ரேட்டர், நடுவில் கலவையை ஒரே பக்கம் விடுகிற ரீட் வால்வும் ரப்பர் குழாயும். பிரிந்துபோக எட்டுக் குழாய் இல்லை, பெரிதாக்க அறையும் இல்லை. இங்கே ஸ்பேசர் போட்டால் நடப்பது முக்கியமாக ஒன்றுதான்: காற்று வரும் வழி நீளமாகிறது. புல்லாங்குழல் நீண்டால் சுருதி இறங்குகிற மாதிரி, உள்ளே போய்வருகிற காற்றலை இன்ஜினுக்குத் துணை நிற்கிற ஆர்பிஎம்மும் கீழே இறங்கும். அங்கே மேலே ஏற்றித் தருகிற அதே சாமான் இங்கே கீழே இறக்கிவிடுகிறது. ரீட் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைத்தாலோ இன்னொரு விஷயமும் சேரும். பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸ் பக்கத்துக் கொள்ளளவு கூடி, அங்கே கிடைக்கிற அமுக்கம் குறையும். எந்தப் பக்கம் வைக்கப்போகிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

கீழே இழுத்தால் நல்லதுதானே, ஸ்டார்ட்டிங்கில் பாயுமே என்பார்கள். ரோட்டுக்குச் சரி. 402 மீட்டர் டிராக் ரேஸில் அந்தச் சின்ன வண்டியை ஆர்பிஎம் ஏற்றி, கிளட்சை வழுக்கவிட்டுத்தான் கிளப்புகிறார்கள். ஆர்எக்ஸ் 100 தன் 11 குதிரைச் சக்தியைத் தருவதே 7500 ஆர்பிஎம்மில். ஓட்டம் முழுக்க முள் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் ஆடும், கியர் மாற்றும்போது கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். முள் போகாத இடத்தில் டார்க்கை, அதாவது இழுவையைக், கூட்டி என்ன பயன்?

ஓட்டம் முடிந்ததும் நேரங்களை அச்சிட்டுத் தருகிற டைம் ஸ்லிப்பை ஒழுங்காகப் படித்தால் இது தானாகத் தெரியும். பையன்கள் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். முதல் 60 அடி நேரம் வண்டி கிளம்பிய விதத்தைச் சொல்லும். கடைசியில் பதிவாகிற வேகம் இன்ஜினின் சக்தியைச் சொல்லும். ஸ்பேசர் போட்ட பிறகு மொத்த நேரம் குறைந்திருக்கிறது, கடைசி வேகம் அப்படியே இருக்கிறது என்றால், குறைத்தது அவன் கிளட்ச் கை. ஸ்பேசருக்கு மாலை போட வேண்டாம்.

சூட்டைப் பற்றிப் பேசினால் மட்டும் நான் கொஞ்சம் இறங்கிவருவேன். பிசின் ஏற்றி அழுத்திய ஹைலம் கட்டையைவிட அலுமினியம் பல நூறு மடங்கு சூட்டைக் கடத்தும். பார்க்க அழகாக அலுமினியத்தில் கடைந்து போட்டால் சூடு தடையில்லாமல் கார்ப்ரேட்டருக்குப் போய்ச்சேரும். ஓடும்போது அது பெரிய விஷயமில்லை, காற்று அந்த இடத்தைக் கடக்கிற நேரம் அவ்வளவு கொஞ்சம். ஓடி முடித்து இன்ஜினை அணைத்துவிட்டு மே மாத வெயிலில் அடுத்த ரவுண்டுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் சிக்கல். சிலிண்டர் சூடு பின்னால் ஏறி, கார்ப்ரேட்டரின் கிண்ணமான ஃப்ளோட் பௌலில் இருக்கிற பெட்ரோல் கொதிக்க ஆரம்பிக்கும். அப்புறம் கிக்கரை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கார்ப்ரேட்டர் வைத்த பழைய ஸ்ப்ளெண்டரில் கம்பெனியே ஒரு கறுப்பு இன்சுலேட்டர் கட்டை வைத்திருந்தது இந்தச் சூட்டைத் தடுக்கத்தான். ஆர்எக்ஸில் அந்த வேலையை இன்டேக் ரப்பரே பாதி செய்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு போட்டே தீருவேன் என்றால் போட்டுத் தருவேன். இரண்டு முகமும் கண்ணாடி மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கியிருக்க வேண்டும், புது பேக்கிங், நீளமான போல்ட். டூ ஸ்ட்ரோக்கில் அங்கே ஏர் லீக் இருந்தால் பெட்ரோல் குறைந்து கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஷோலவரம் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்து ஆளான எங்கள் வாத்தியார், முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார். வெள்ளையடித்திருந்தால் மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏறும். நானும் அப்படித்தான்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகை விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்ப்ரேட்டர் இல்லை. இப்போது அதே பையன்களின் தம்பிகள் கார்ப்ரேட்டர் இடத்தில் காற்றை மட்டும் அளந்து விடுகிற த்ராட்டில் பாடிக்கு ஸ்பேசர் வேண்டும் என்று வருகிறார்கள். அதில் பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது, உறிஞ்சலை நம்பி அது இல்லை. கொதிப்பதற்கு ஃப்ளோட் பௌலும் இல்லை. மிச்சம் இருப்பது குழாயின் நீளம் மட்டும்தான். அதற்குக் காசு வேண்டுமானால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.