அப்பாட வானுக்கு நானே செஞ்ச ரிலே கொன்ட்ரோலர்

அப்பாட டொயோட்டா டவுன்ஏஸ் வானுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. 2020ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாப் பிறகு புதுசு எடுக்கிற கதையே வீட்டில இல்லாமப் போச்சு, இருக்கிறத வடிவா வச்சிருப்பம் எண்டு விட்டாச்சு. ஆனா வயரிங் இருந்த கோலம் சொல்லேலாது. வந்த ஒவ்வொருத்தரும் ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு சார்ஜர் எண்டு பூட்டிப் பூட்டி, டாஷ்போர்ட்டுக்குக் கீழ கைய விட்டா வயர்க்கட்டுத்தான் வரும், எது எங்க போகுதெண்டு அப்பாக்கே தெரியாது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ராவில ஓடேக்க யானை நிக்கும், அதால ஃபொக் லைட் ரெண்டும் கட்டாயம் வேணும். அந்த சுவிச்சே ஒருநாள் கைபொறுக்கேலாத சூடு, அண்டைக்குத்தான் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு பெட்டிக்குள்ள கொண்டுவாறதெண்டு முடிவெடுத்தன்.

நான் நினைச்சது இதுதான்: ஒரு ஆர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதிப் போடுற சின்ன கொன்ட்ரோலர் போர்ட்), 6 ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டப் போட்டு நிப்பாட்டுற சுவிச்). ஹெட்லைட் போட்டா மட்டும் ஃபொக் லைட் வேலை செய்யோணும், கதவு மூடினாப் பிறகு உள் லைட் 20 செக்கன் நிக்கோணும், எஞ்சின் நிப்பாட்டி 10 நிமிசத்தில சார்ஜர் தானா ஓஃப் ஆகோணும். இந்த நேரங்கள லப்டொப் இல்லாம ஒரு பட்டனால மாத்தி ஈஈப்ரொம்ல, அதான் கரண்ட் போனாலும் அழியாத மெமரியில, சேவ் பண்ணவும் வேணும். கோட் ரெண்டு கிழமையில முடிஞ்சுது. மிச்ச நாலு மாசமும் வானிட கரண்டோட சண்டை.

முதல்ல கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில வாங்கின நீல ரிலே போர்டத்தான் போட்டன். அதில 10 ஆம்பியர் எண்டு எழுதியிருக்கும். 55 வொட் பல்ப் ரெண்டு எண்டா 12 வோல்ட்டில ஒம்பது ஆம்பியர் சொச்சம், சரிவரும் எண்டு நினைச்சன். ஆனா பல்ப் குளிரா இருக்கேக்க இழை முதல் இழுக்கிற கரண்ட் அதப்போல பலமடங்கு. மூண்டாம் நாள் சுவிச்ச ஓஃப் பண்ணியும் லைட் எரிஞ்சுகொண்டே நிக்குது, ரிலேக்குள்ள கொன்டாக்ட் உருகி ஒட்டிட்டுது. அதுக்குப் பிறகு வாகன ரிலேதான், 30, 85, 86, 87 எண்டு கால் நம்பர் அடிச்ச 40 ஆம்பியர் சாமான், சொக்கெட்டோட. அதிட கொயில், அதான் சுவிச்ச இழுக்கிற காந்தச் சுருள், 150 மில்லிஆம்பியர் அளவு எடுக்கும், நானோட ஒரு காலால 20க்கு மேல எடுக்கிறது நல்லமில்ல, அதால கொயிலுக்குக் கரண்ட் குடுக்க இடையில யூஎல்என்2003 சிப் ஒண்டு.

அந்தச் சிப் எனக்கு ஒரு கிழமைய வீணாக்கிச்சு. ஃபொக் லைட் போடேக்க ஒண்டும் இல்ல, ஓஃப் பண்ணேக்க நானோ ரீசெட் ஆகும். எல்லா நேரமும் இல்ல, நாலு தரத்துக்கு ஒருக்கா, அதுதான் விசர் பிடிக்கிற மாதிரி. கோட்டத் தேடித் தேடிப் பாத்து, கடைசியில பாத்தா சிப்பில 9ம் கால, அந்த கொமன் காலை, நான் 12 வோல்ட்டோட இணைக்கவேயில்ல. ரிலே விடேக்க கொயில் திருப்பி அடிக்கிற வோல்ட்டேஜ விழுங்கிற டயோட் எல்லாம் உள்ளுக்கதான் இருக்கு, ஆனா அந்தக் காலை இணைக்காட்டி இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஒரு துண்டு வயர் சோல்டர் பண்ணினன், பிரச்சினை அதோட சரி.

பிறகு மற்ற ரீசெட். சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினா நானோ செத்துத் திரும்ப வரும், ரிலே எல்லாம் டக்டக்கெண்டு அடிக்கும். பற்றரி வீக் எண்டு நினைச்சு கப்பாசிட்டர் பெருசாக்கிப் பாத்தன், சரிவரேல்ல. அப்ப தம்பிய சாவியத் திருப்பச் சொல்லிட்டு ஏசிசி வயரில (சாவிய ரேடியோ போடுற இடத்துக்குத் திருப்பினா கரண்ட் வாற லைன்) மல்டிமீட்டர வச்சுப் பாத்தன், சைபர்! ஸ்டார்ட்டர் சுத்துற நேரம் ஏசிசி லைனை சாவியே வெட்டி விடுது, ஸ்டார்ட்டருக்கு முழுக் கரண்டும் போகட்டும் எண்டு வாகனத்த அப்பிடித்தான் செஞ்சிருக்கினம். நான் நானோக்குச் சாப்பாடு குடுத்ததே அந்த லைன்லதான்.

சரி நேரா பற்றரியில இருந்து எடுப்பம் எண்டா வேற தலையிடி. நானோவும் அதுக்கு வோல்ட்டேஜக் குறைச்சுக் குடுக்கிற எல்எம்2596 கன்வேட்டரும் சும்மா நிண்டாலே 30 மில்லிஆம்பியர் போகுது, ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் அவர். அப்பா மாசக்கணக்கில வான எடுக்காம விடுற ஆள், பற்றரி தாங்காது. யோசிச்சு யோசிச்சு ஒரு சின்ன ரிலே கூடப் போட்டன்: ஏசிசி வந்தா ஒரு ட்ரான்சிஸ்டர் அந்த ரிலேயப் பிடிக்கும், நானோ எழும்பினதும் தானும் பிடிச்சுக்கொள்ளும், ஏசிசி போனாலும் விடாது, 10 நிமிசம் முடிஞ்சாத்தான் தானே தன்ர கரண்ட வெட்டும். வான் நிக்கேக்க மீட்டரில இப்ப ஒண்டுமே காட்டாது. இந்த முழு வேலையிலயும் எனக்கு நல்லாப் பிடிச்ச இடம் இதுதான், முதல் தரம் அது தானா அணைஞ்சதப் பாக்க முன் சீட்டில இருட்டில பத்து நிமிசம் காத்திருந்தன்.

கடைசியா எர்த், அதான் கரண்ட் திரும்பிப் போக வயர வான்ர தகரத்தோட போல்ட் போட்டுப் பூட்டுற இடம். லைட் மங்கல், போர்ட் சிலநேரம் பிழையா வாசிக்கும். திருகோணமலையில அனுராதபுரச் சந்திப் பக்கம் இருக்கிற ஓட்டோ எலக்ட்ரிசியன் அண்ணாட்டக் காட்டினன், அவர் பெட்டியத் திறக்கவே இல்ல, போல்ட்டத்தான் பாத்தார். "தம்பி, இது கடற்கரை ஊர். பெயின்ட்டுக்கு மேல எர்த் போட்டா ஆறு மாசம் நிக்காது. தகரம் தெரியச் சுரண்டிப் போட்டு, மேல கிரீஸ் பூசு" எண்டார். கழட்டிப் பாத்தா வயர் முனையெல்லாம் பச்சை பூத்துப் போய்க் கிடக்கு. எல்லா எர்த்தையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டு வந்தன், போர்டுக்கு மேல தங்கச்சிட கலர் இல்லாத கியூடெக்ஸ (நகப்பூச்சு) ரெண்டு பூச்சு பூசினன், கனெக்டர் பூட்டுற இடங்கள மட்டும் விட்டுட்டு.

செய்யப்போற ஆக்களுக்கு ரெண்டு விசயம் சொல்லோணும். பியூஸ பெட்டிக்குள்ள வைக்காம பற்றரிக்குக் கிட்ட வையுங்கோ, இடையில வயர் உரஞ்சினா வான் தீப்பத்தும். மற்றது, ஹெட்லைட், பிரேக் லைட், எஞ்சினோட சம்பந்தப்பட்ட ஒண்டையும் நான் இதுக்குள்ள கொண்டு வரேல்ல, ஹெட்லைட் எரியுதா எண்டு நானோ பாக்கும், அவ்வளவுதான். என்ர போர்ட் நடுவழியில செத்தாலும் அப்பா பத்திரமா வீட்ட வரோணும்.

போன மாசம் ராவில ஹபரணை வரைக்கும் போய் வந்தம். அப்பா ஃபொக் லைட் சுவிச்சப் போட்டுட்டு கைய அதிலயே வச்சிருந்து பாத்தார், சூடு இல்ல எண்டார். ஆறில ஒரு ரிலே இன்னும் சும்மா கிடக்கு, அத ரிவர்ஸ் லைட்டுக்குக் கேக்கிறார்.