ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு வீட்டில் மாத்திரை தருவோர் கவனத்துக்கு

லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோயில் ஊசி மருந்துக் கட்டம் முடிந்ததும், ஏறத்தாழ இரண்டு வருடம் மாத்திரைதான் முக்கிய சிகிச்சை. முடி முளைத்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், "நல்லாத்தானே இருக்கான்" என்று பலர் நிறுத்துவது இங்கேதான். ஆஸ்பத்திரிக்கு வர பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போவதும் பெரிய காரணம், அதை மறுக்க முடியாது.

மெர்காப்டோப்யூரின் தினமும். 50 மி.கி. மாத்திரைதான் பரவலாகக் கிடைக்கும். டாக்டர் வாரத்துக்கு 250 மி.கி. என்றால் நாலு நாள் அரை, மூன்று நாள் முழுசு. எந்தக் கிழமை எது என்று காலண்டரில் குறியுங்கள்.

மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள். 15 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை ஆறு. இதைத் தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பல கம்பெனிகளில் இதே மாதிரி சின்ன மஞ்சள் நிறம்தான். அட்டையில் பெயரைப் படிக்காமல் பிரிக்காதீர்கள்.

நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) 500க்கும் 1500க்கும் இடையில் இருக்கும்படி டாக்டர்கள் வேண்டுமென்றேதான் டோஸ் வைக்கிறார்கள். "அணு குறைவு" என்று ரிப்போர்ட் பார்த்து நீங்களாக நிறுத்த வேண்டாம். நம் ஆசிய மக்களில் சிலருக்கு NUDT15 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தால் மெர்காப்டோப்யூரினின் வழக்கமான டோஸே அதிகம். அதையும் டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.