பிரஸ்டனில் மழையும் டாம் ஃபின்னியும்

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகருக்குப் போய்வர எவ்வளவு செலவாகும் என்று நண்பர்கள் கேட்டிருந்ததால் கணக்கைத்தான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் வாடகைக் கார் ஓட்டுநர் மீதான கோபம் இன்னும் தணியவில்லை. மான்செஸ்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. மழைக்குத் தயங்கி நான் ஏறிய காரின் ஓட்டுநரோ மீட்டரைப் போடாமல் எந்தெந்தத் தெருக்களிலோ சுற்றி, டீப்டேல் கால்பந்து மைதானத்தின் வாசலில் 14 பவுண்டு கேட்டு வாங்கினார். திரும்பும்போது அதே தூரத்தை அரை மணி நேரத்தில் நடந்தே கடந்தேன். அந்தப் பணத்தில் எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு முடிந்திருக்கும்.

மைதானத்துக்கு வெளியே நிற்கும் சிலையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உடல் ஒருபக்கம் சாய, பந்தை விடாமல் தேங்கிய நீருக்குள் பாய்கிறார் பழைய கால்பந்து ஆட்டக்காரர் டாம் ஃபின்னி. அவரைச் சுற்றி நீர்த்தாரைகள் விசிறியடிக்கின்றன. 1956-இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில், செல்சி அணிக்கு எதிரான ஆட்டத்தில் எடுக்கப்பட்ட புகைப்படத்தைக் கொண்டு வடித்து, 2004-இல் நிறுவிய சிலை இது. நான் போன நேரத்தில் சிலையின் நீரூற்று எது, மழைநீர் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அவருடைய தாடையில் துளிகள் திரண்டு, ஒரு கணம் தங்கி, சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அங்கே நிற்கும்போதுதான் அந்த 14 பவுண்டு மீண்டும் உறுத்தியது. 1952-இல் ஆட்டப் பருவத்தில் ஃபின்னிக்குக் கிடைத்த வாரச் சம்பளமும் அதே 14 பவுண்டுதான். அன்றைய பணத்தின் மதிப்பு வேறு என்றாலும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்குமேல் தரக்கூடாது என்று, அணிகளின் போட்டித்தொடரை நடத்தும் லீக் அமைப்பு உச்சவரம்பு வைத்திருந்தது பெரும் அநியாயம். அந்த ஆண்டு இத்தாலியின் பலெர்மோ அணி, சேர்வதற்கு 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, வீடு, கார் என்று அழைத்தபோது அவருடைய சங்கமான பிரஸ்டன் நார்த் எண்ட் அவரை விட மறுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் உரிமை அன்று கால்பந்துச் சங்கங்களுக்கு இருந்தது.

கைத்தொழில் ஒன்று வேண்டும் என்ற தந்தையின் சொல்லுக்கு இணங்கிக் கற்ற பிளம்பர் வேலையை அவர் கடைசிவரை விடவில்லை. இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல் அடித்தவர், 1954-லும் 1957-லும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர், ஊரில் குழாய் வேலையும் பார்த்துவந்தார். லீக் ஆட்டங்களில் 187 கோல் அடித்தும், பிரஸ்டனைத் தவிர வேறெந்தச் சங்கத்துக்கும் அவர் லீக்கில் ஆடியதில்லை. 1960-இல் ஓய்வு பெற்றார். 1961-இல் சம்பள வரம்பு நீக்கப்பட்டது. அவர் இல்லாத முதல் பருவத்திலேயே, அன்று உச்சப் பிரிவாக இருந்த முதல் பிரிவிலிருந்து இறங்கிய பிரஸ்டன் இன்றுவரை உச்சப் பிரிவுக்குத் திரும்பவில்லை.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். சிலையைப் பார்க்கக் கட்டணம் இல்லை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும் வைத்துச் சுடும் பட்டர் பை, பிரஸ்டன் இருக்கும் லங்காஷயர் வட்டாரத்தில் சைவ உணவுக்காரர்களுக்கு வாய்த்த அருமையான உணவு. இறைச்சி இல்லையே என்று இருமுறை கேட்டு வாங்கி, ஆவி பறக்கத் தின்றுகொண்டே நடந்தேன். ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் மலிவுச் சீட்டு என்னுடையது. சிலையருகே அதிக நேரம் நின்றுவிட்டதால் கடைசித் தெருவை ஓடியே கடந்து, கதவு மூடுவதற்கு முன் நனைந்த காலணியோடு ஏறினேன்.