மணல் பகி நாட்குறிப்பு: உடைந்த மூட்டிலிருந்து கியர்பாக்ஸ் வரை

பிப்ரவரி 4

மணல்மேட்டின் உச்சியைத் தாண்டும்போது என் பகியின், அதாவது மணலில் ஓட்டும் இலகு வண்டியின், இடப்பக்கப் பின்சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. காற்றில் கட்டற்றுச் சுழன்ற பேடில் டயர் (மணலை வாரித் தள்ளும் துடுப்புப் பட்டைகள் கொண்டது) மணலைக் கவ்வியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, வண்டி நின்றுவிட்டது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் சாதாரண வகை என்பதால் ஒரு பக்க ஆக்சில் போனாலே மறுபக்கச் சக்கரத்துக்கும் விசை கிடைக்காது. ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்தபோது, ஆக்சில் சாய்ந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டான சிவி ஜாயிண்டின் ஆறு குண்டுகளில் நான்கு மட்டுமே இடத்தில் இருந்தன. அவற்றைத் தாங்கும் கூண்டு, குண்டு உட்காரும் சன்னல் ஒன்றின் ஓரத்தில் விண்டிருந்தது.

பிப்ரவரி 6

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஆக்சிலின் சாய்வை அளந்தேன்: 24 பாகை. வோக்ஸ்வேகன் பீட்டில் காரிலிருந்து எடுத்த ஜாயிண்ட் ஏறத்தாழ 17 பாகை வரைதான் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. சஸ்பென்ஷனை நீட்டியபோது அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. சாய்வு கூடக்கூடக் குண்டுகள் தடத்தின் விளிம்புக்குப் போகின்றன, கூண்டின் மீது பாரம் ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து அதிர்ச்சி விசையும் வந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது கூண்டுதான்.

பிப்ரவரி 11

பீட்டில் ஜாயிண்டின் விட்டம் 94 மி.மீ., வோக்ஸ்வேகன் வேனுடையது 100, போர்ஷே 930 காரினுடையது 108. பெரியதையே வாங்கிவிடலாம் என்று மனம் சொன்னது. ஆனால் 150 நியூட்டன் மீட்டர் தரும் என் எஞ்சினின் முறுக்குவிசை, முதல் கியரின் 3.78, கியர்பாக்ஸின் கடைசிப் பற்சக்கர இணையின் விகிதமான 4.125 ஆகிய இரண்டாலும் பெருகி 2,339 நியூட்டன் மீட்டர் ஆகிறது. பக்கத்துக்குப் பாதி, அதாவது சுமார் 1,170. இது சீராக ஓடும்போது மட்டும்தான். சக்கரம் மணலில் விழும் கணத்தில் இந்தக் கணக்கு செல்லாது. ஜாயிண்டை உடைக்க முடியாதபடி வலுவாக்கினால், அந்த அடி அப்படியே கியர்பாக்ஸுக்குள் போகும். உடையத்தான் வேண்டுமென்றால், மணலிலேயே அரைமணி நேரத்தில் மாற்றக்கூடிய ஒன்று உடையட்டும். எனவே வேனின் 100 மி.மீ. ஜாயிண்டும் குரோம்-மாலிப்டினம் எஃகுக் கூண்டும் என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 18

இன்று முழுவதும் கியர்பாக்ஸ். பீட்டில் கியர் பெட்டியின் பலவீனம் பற்களைவிட அதன் பக்க மூடியில்தான் அதிகம்: பாரம் ஏறும்போது பினியன் என்ற சிறு பற்சக்கரம், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலைத் தள்ளுகிறது, மூடி சற்றே வளைகிறது, பற்கள் சரியான இடத்தில் கவ்வாமல் ஓரத்தில் மோதத் தொடங்குகின்றன. தடித்த மூடியும், இரண்டு சிறு பற்சக்கரங்களுக்குப் பதில் நான்கு கொண்ட டிஃபரென்ஷியலும் போட்டு இதைத் தேற்றலாம். இருந்தாலும் பழைய பெட்டிக்கு இவ்வளவு செலவழிப்பதைவிட, பெரிய கிரவுன் வீலும் பினியனும் கொண்ட வேனின் 091 பெட்டியை, எடை கூடினாலும், எடுப்பதே மேல் என்று தோன்றியது. என் வண்டியில் எஞ்சின், கியர் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால் ஒரு தொல்லை இல்லை. எஞ்சினை வண்டியின் நடுவில் வைப்பவர்கள் கிரவுன் வீலை மறுபக்கம் திருப்பிப் பொருத்த மறந்தால், நான்கு கியரும் பின்னோக்கி ஓடும், முன்னே போக ரிவர்ஸ் ஒன்றுதான் மிஞ்சும்!

மார்ச் 2

பொருத்தியாயிற்று. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மேலிருந்து கீழ்வரை கையால் அசைத்து, ஆக்சில் எங்கும் முட்டாமல் உள்ளும் வெளியும் நகருகிறதா என்று பார்த்தேன். வலப்பக்கம் அடியில் இறுகியது. சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே இறங்காமல் தடுக்கும் நைலான் பட்டையை இரண்டு விரற்கடை குறைத்துக் கட்டியதும் சாய்வு 19 பாகைக்கு இறங்கியது, இறுக்கமும் போயிற்று. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸைக் குண்டுகளுக்கிடையே விரலால் அழுத்தி நிரப்பினேன்.

மார்ச் 5

ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஜாயிண்டின் போல்ட்டுகளை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் சோதித்தேன். இடப்பக்கத்தில் இரண்டு போல்ட்டுகள் கால் சுற்று திரும்பின. ரப்பர் உறையைத் தொட்டால் இளஞ்சூடு மட்டுமே இருந்தது. பழைய கூண்டின் துண்டைப் பட்டறை மேசையிலேயே வைத்திருக்கிறேன்; அடுத்த முறை உச்சியில் காலை எடுக்க அது போதும்.