ஆறு முறை ஒலித்த மணி

“மூன்று நாளும் தொலைபேசி இந்த மேசைமேல்தான் இருக்கும், நான் எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்” என்று, தொண்டு நிறுவன வேலையாக நான் தினமும் தொலைபேசியில் பேசிவந்த ஒரு யூத அம்மையார் சொன்னது இன்றைக்கும் என் காதில் இரண்டு விதமாகக் கேட்கிறது.

அன்று 2020 ஏப்ரல் 8, புதன்கிழமை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா மாலையில் தொடங்கவிருந்தது. இஸ்ரேலுக்கு வெளியே வாழும் மரபு தவறாத யூதர்களுக்கு அதன் முதல் இரண்டு நாளும் திருநாள். அந்த ஆண்டு அவை வியாழனும் வெள்ளியுமாக அமைந்து சனிக்கிழமை ஓய்வுநாளோடு ஒட்டிக்கொண்டதால், புதன் மாலை முதல் சனி இரவு வரை அவர்கள் தொலைபேசியைத் தொட மாட்டார்கள். வீடு நிறைய விருந்தினர் இருக்கும் ஆண்டுகளில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கொரோனா ஊரடங்கு தொடங்கிப் பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. லண்டனின் எட்ஜ்வேர் பகுதியில் ஒரு குடியிருப்பில் அவர் தனியாக இருந்தார். எங்கள் தொண்டு நிறுவனம் அனுப்பிய பெட்டியில் மட்சா என்னும் புளிப்பில்லா அப்பமும் திராட்சைச் சாறும் காரக்கிழங்கும் இருந்தன. பஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டிதான் ‘இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். தனித்திருப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. “இந்த வருடம் கேட்பதும் நான், பதில் சொல்வதும் நான்” என்று சிரித்தார்.

நான் யூதர் இல்லை. ஓய்வுநாளில் தனக்காக ஒரு வேலையைச் செய்யும்படி யூதரல்லாதவரிடம் நேராகக் கேட்கக் கூடாது, சில வேளைகளில் குறிப்பாக உணர்த்தலாம் என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்த அரைகுறை அறிவுதான் என்னைக் கெடுத்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்த அம்மையார் குறிப்புணர்த்தியதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேன் என்று மறுநாள் தோன்றுகிறது.

திருநாளில் யாரையும் அழைக்க வேண்டாம் என்பது அலுவலகத்தின் உத்தரவு. உயிர் காப்பது ஓய்வுநாள் விதியையும் விலக்கும் என்பதால், மனநலம் மிகவும் குன்றியோருக்கு மட்டும் ரப்பி என்னும் யூத மதகுருவின் ஒப்புதலோடு அழைப்புகளை முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். அந்தப் பட்டியலில் இந்த அம்மையார் இல்லை. இருந்தும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழைத்தேன். ஆறு முறை மணி ஒலித்ததும் வைத்துவிட்டேன். யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம். அவர் விழுந்து கிடந்திருந்தாலும் மணி அப்படியேதான் ஒலித்திருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனி இரவு ஒன்பது மணிக்குமேல் அழைத்தபோது அவர் குரல் கம்மியிருந்தது. “நேற்று மதியம் மணி அடித்தது. திருநாளில் எங்கள் வீட்டுக்கு யார் அழைப்பார்கள்? கெட்ட செய்தி மட்டும்தான் வரும்” என்றார். மான்செஸ்டரில் இருக்கும் மகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, இரவு தூங்காமல், மறுநாளும் அந்த மேசையருகிலேயே உட்கார்ந்திருந்து, ஓய்வுநாள் முடிந்ததைக் காட்டும் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்த பிறகு அவனை அழைத்திருக்கிறார். அவன் நன்றாகத்தான் இருந்தான்.

“தவறான எண்ணாக இருந்திருக்கும்” என்றேன் நான்.

உண்மையைச் சொல்லியிருந்தால், தினமும் அவர் பேசிய ஒரே ஆளான என்மீது வைத்த நம்பிக்கையும் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது அவருக்காகவா, வேலைக்காகவா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பஸ்காவின் ஏழாம், எட்டாம் நாட்களிலும் தொலைபேசி கிடையாது. அப்போது நான் அழைக்கவில்லை. அவை முடிந்த வியாழன் இரவு, அவராகவே, “இந்தத் தடவை தவறான எண் யாரும் அழைக்கவில்லை” என்றார். நிம்மதியாகச் சொன்னாரா, குறைபட்டுக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. மட்சா மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.